அஞ்சறைப்பெட்டியில் எவ்வளவு மருந்து இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் யாராவது தும்மினாலோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாலோ முதலில் திறப்பது அஞ்சறைப்பெட்டியைத்தான். அதிலிருந்து எடுப்பதில் எது வேலை செய்கிறது, எது இதம் மட்டும் தருகிறது, எதைத் தொடவே கூடாது என்று பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

பாட்டி வைத்தியத்துக்கு அறிவியல் ஆதாரம் இருக்கிறதா, இல்லையா?

இப்படி மொத்தமாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. இருமலுக்குத் தேன் கொடுப்பதற்கு இருக்கிறது. பல்வலிக்குக் கிராம்புக்கு இருக்கிறது. ஆவி பிடிப்பதற்குப் பெரிதாக இல்லை. கைக்குழந்தைக்கு வசம்பு உரைத்துக் கொடுப்பதற்கோ எதிராகத்தான் இருக்கிறது. தனித்தனியாகக் கேட்க வேண்டும். கேட்கும்போது எவ்வளவு கொடுக்கிறோம், யாருக்குக் கொடுக்கிறோம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பெரும்பாலான சண்டைகள் மஞ்சள் நல்லதா, கெட்டதா என்று பொருளைப் பிடித்துக்கொண்டே நடக்கின்றன. விஷயம் முடிவாவது அளவிலும் வயதிலும்.

கஷாயம் குடித்தேன், மூன்றே நாளில் சளி போய்விட்டது. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

சாதாரணச் சளி வைரஸால் வருவது. ஒன்றும் செய்யாவிட்டாலும் ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும். நாம் கஷாயம் வைப்பது எப்போது? முதல் தும்மலுக்கே யாரும் அடுப்பைப் பற்றவைப்பதில்லை. மூக்கடைத்து, தொண்டை கட்டி, இனி தாங்காது என்கிற நாளில்தான் வைக்கிறோம். அது நோய் உச்சத்தில் இருக்கும் நேரம், அடுத்து இறங்கத்தான் வேண்டும். இறங்கும்போது கையில் எந்த டம்ளர் இருந்ததோ அதற்குப் பெயர் போய்விடுகிறது. அதனால்தான் ஆய்வு செய்பவர்கள் குடித்தவர்களை மட்டும் பார்க்காமல், குடிக்காதவர்களையும் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறார்கள்.

சரி, சூடாக எதையாவது குடித்தால் இதமாக இருக்கிறதே, அது பொய்யா? பொய் இல்லை. பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் சளி பிடித்த 30 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2008-ல் வெளிவந்தது. ஒரே பழபானத்தைச் சூடாகவும் அறை வெப்பத்திலும் கொடுத்தார்கள். மூக்கு வழியாகப் போகும் காற்றின் அளவு கருவியில் மாறவே இல்லை. ஆனால் சூடாகக் குடித்தவர்கள் தொண்டை வலி, குளிர், சோர்வு எல்லாம் குறைந்ததாகச் சொன்னார்கள். மிளகு ரசம் கூடுதலாக ஒன்று செய்யும். காரம் மூக்கில் நீர் சுரக்க வைக்கும், கெட்டித்த சளி கொஞ்சம் இளகும். வைரஸை அது ஒன்றும் செய்யாது. ரசத்திடம் அவ்வளவு எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

மஞ்சள் பால்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மஞ்சள்தூளில் குர்குமின் என்ற பொருள் சுமார் 3 சதவீதம் இருக்கும். பாலில் போடும் அரை டீஸ்பூன் என்பது ஒன்றரை கிராம் என்று வைத்துக்கொண்டால், அதில் குர்குமின் 45 மில்லிகிராம். அதுவும் குடலில் சரியாக உறிஞ்சப்படாது. உறிஞ்சப்பட்ட கொஞ்சத்தையும் உடம்பு வேகமாக மாற்றி வெளியே தள்ளிவிடும்.

பெங்களூரில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 2 கிராம் குர்குமினோடு, மிளகில் இருக்கும் பிப்பரின் என்ற பொருளை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தார்கள். உடம்பில் சேர்ந்த அளவு 20 மடங்கு கூடியது. "பார்த்தீர்களா, பாட்டி மிளகு தட்டிப் போட்டது சும்மாவா?" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திக்கு மூலம் இதுதான். மிளகு விஷயம் உண்மை. ஆனால் 2 கிராம் குர்குமின் கிடைக்க 60, 70 கிராம் மஞ்சள்தூள் வேண்டும். அதைப் பாலில் போட்டால் குடிக்க முடியாது, களிதான் கிண்ட வேண்டும்.

ஆக, மஞ்சள் பால் தொண்டைக்கு இதமான ஒரு சூடான பானம். குடிக்கலாம், தப்பில்லை. ஆய்வில் கொடுத்த அளவு வேண்டும் என்று பிப்பரின் சேர்த்த குர்குமின் மாத்திரைகளை நாமாக வாங்கி விழுங்குவது வேறு விஷயம். அப்படி விழுங்கியவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வந்தது இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறது. உறிஞ்சப்படாமல் போவது என்பது ஒருவகையில் நமக்கிருந்த பாதுகாப்பு.

அமெரிக்காவே மஞ்சளுக்குக் காப்புரிமை கொடுத்ததே, அப்போது அது மருந்து என்று ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்?

இல்லை. புண் ஆற்ற மஞ்சள் என்று மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு 1995-ல் காப்புரிமை கொடுத்தார்கள். நம் நாட்டின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு (சி.எஸ்.ஐ.ஆர்.) பழைய நூல்களையும் கட்டுரைகளையும் கொண்டுபோய்க் காட்டி எதிர்த்தது. 1997-ல் ரத்தானது. அங்கே முடிவானது "மஞ்சள் புண்ணை ஆற்றும்" என்பதல்ல, "இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல" என்பது. ஒன்று பழையது என்று நிரூபிப்பதும் அது பலிக்கும் என்று நிரூபிப்பதும் வேறு வேறு.

இருமலுக்குத் தேன் கொடுக்கலாமா?

தாராளமாக, ஒரு வயது தாண்டியிருந்தால். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் நடந்து 2007-ல் வெளியான ஆய்வில், சளி இருமலோடு வந்த பிள்ளைகளுக்குப் படுக்கும் முன் தேன் கொடுத்தபோது, ஒன்றும் கொடுக்காத பிள்ளைகளைவிட அவர்கள் குறைவாக இருமினார்கள், நன்றாகத் தூங்கினார்கள். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் என்ற வழக்கமான இருமல் மருந்து அந்த ஆய்வில் அவ்வளவு நன்றாகச் செய்யவில்லை. 2018-ல் பிரிட்டன் அரசின் மருத்துவ வழிகாட்டுதலும் சாதாரண இருமலுக்கு முதலில் தேனைச் சொன்னது. பாட்டி இங்கே முழு மார்க் வாங்குகிறார்.

ஒரு வயதுக்குள் மட்டும் கூடவே கூடாது. தேனில் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். நம் குடலில் அவை முளைக்காது, பச்சைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். கை கால் துவண்டு, பால் குடிக்க முடியாமல், மூச்சே நிற்கலாம். தேனைச் சூடுபடுத்தினாலும் வித்து சாகாது. பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தடவும் சடங்கு இருக்கும் வீடுகளில் இதைச் சொன்னால் கோபம் வரும். வரட்டும்.

ஆவி பிடித்தால் சளி கரையாதா?

நொச்சி இலை போட்டு, போர்வைக்குள் தலையை விட்டு உட்காரும் சுகத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் நோய் சீக்கிரம் போகிறதா என்று பார்த்த ஆய்வுகளைத் தொகுத்த கோக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் சர்வதேச அமைப்பு) அறிக்கையில் உறுதியான பலன் எதுவும் தெரியவில்லை. வைரஸைக் கொல்லும் அளவுக்குச் சூட்டை மூக்குக்குள் விட்டால் முதலில் வேகப்போவது மூக்குதான். வேது பிடிக்கும்போது நிஜமான ஆபத்து பாத்திரம் கவிழ்வது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பிடிக்கவே கூடாது, தொடையிலும் வயிற்றிலும் கொதிநீர் கொட்டித் தீக்காயத்தோடு வரும் பிள்ளைகள் அப்படித்தான் வருகிறார்கள். மூக்கடைப்புக்கு, மருந்துக்கடையில் விற்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தே போதும்.

தேங்காய் எண்ணெயில் சூடம் காய்ச்சிக் குழந்தை நெஞ்சில் தடவலாமா?

வேண்டாம். சூடமும் மெந்தாலும் மூக்கிலுள்ள குளிர்ச்சி உணரும் நரம்புகளைத் தூண்டுகின்றன, மூச்சு தாராளமாகப் போவது போல் *தோன்றும்*. அடைப்பு அப்படியேதான் இருக்கும். பெரியவர்களுக்கு அந்தத் தோற்றமே போதும், தூக்கம் வரும். சிறு குழந்தைக்குச் சூடம் வலிப்பை உண்டாக்கும் நஞ்சு. வாய்வழியாக ஒரு கிராம் போனாலே உயிருக்கு ஆபத்தாகலாம். தோல் வழியாகவும் ஏறும். பூஜை அலமாரியில் கற்கண்டு டப்பாவுக்குப் பக்கத்தில் சூடம் டப்பா இருந்தால் இன்றே இடம் மாற்றுங்கள்.

வயிற்றுப்போக்குக்கு உப்புப் போட்ட கஞ்சி. இதிலாவது அறிவியல் உண்டா?

இருக்கிறது, அதுவும் இருபதாம் நூற்றாண்டு மருத்துவத்தின் பெரிய கதைகளில் ஒன்று.

குடல் சுவரில் ஒரு புரதம் இருக்கிறது. அது உப்பிலுள்ள சோடியத்தையும் குளுக்கோஸையும் ஜோடி சேர்த்துத்தான் உள்ளே இழுக்கும். ஜோடியாக அவை போகும்போது தண்ணீரும் பின்னாலேயே போகும். 1960-ல் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர் இதை விளக்கினார். காலரா வந்து குடல் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருக்கும்போதும் இந்த வழி அடைபடுவதில்லை. வெறும் தண்ணீர் குடித்தால் நிற்காது, வெறும் உப்புநீரும் போதாது. உப்பும் சர்க்கரையும் சேர்ந்தால் உள்ளே தங்கும்.

1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்கான் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் கலந்து டிரம்களில் கரைத்து வைத்து, நோயாளியின் சொந்தக்காரர்களையே டம்ளரில் பிடித்துக் கொடுக்கச் சொன்னார். அதற்கு முன் நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், அந்தக் கரைசல் கொடுத்த பிறகு சாவு 4 சதவீதத்துக்கும் கீழே போனது. 2022-ல் அவர் காலமான பிறகு, 2023-ல்தான் பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

கஞ்சிக்கு வருவோம். அரிசி மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் சங்கிலி. குடலில் மெல்ல மெல்ல உடைந்து குளுக்கோஸைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அரிசி சேர்த்த கரைசல் காலரா நோயாளிகளுக்குக் குளுக்கோஸ் கரைசலைவிடக் கழிச்சலைக் குறைத்தது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் உப்புக்கஞ்சி இதே இயல்பைத்தான் பயன்படுத்துகிறது.

ஆனால் "பேதியாகும்போது தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்" என்று குழந்தையை வறளப் போட்டதும் நம் வழக்கம்தான். அதில் போன உயிர்கள் ஏராளம்.

கையில் ஓ.ஆர்.எஸ். (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-குளுக்கோஸ் பொடி) பாக்கெட் இருந்தால் அதுவே முதல். இல்லாவிட்டால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, கண்ணளவில் போடாதீர்கள். குளிர்பானமும் பாட்டில் ஜூஸும் வேண்டாம், சர்க்கரை அதிகமானால் குடலுக்குள் இன்னும் தண்ணீரை இழுக்கும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரை சேர்த்துக் கொடுப்பார்கள், கழிச்சல் நின்ற பிறகும் மருத்துவர் சொன்ன நாள்வரை கொடுத்து முடியுங்கள்.

குமட்டலுக்குச் சுக்கு?

நன்றாக வேலை செய்யும். கர்ப்பகால மசக்கைக்கு நாளைக்கு ஒரு கிராம் இஞ்சிப்பொடி என்ற அளவில் செய்த ஆய்வுகளில் குமட்டல் குறைந்திருக்கிறது. இஞ்சியைக் காயவைக்கும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் ஷோகால் என்ற இன்னும் காரமான பொருளாக மாறுகிறது. இஞ்சிக்கும் சுக்குக்கும் நாக்கில் தெரியும் வித்தியாசத்துக்கு இதுவும் ஒரு காரணம். ஒரு கிராம் என்பது சுமார் அரை டீஸ்பூன். சமையல் அளவுக்குள்ளேயே மருந்தளவு வந்துவிடுகிற அபூர்வமான பொருள் இது.

பல்வலிக்குக் கிராம்பு?

கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதி யூஜினால். பல் மருத்துவர் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துத் தற்காலிகமாகப் பல்லை அடைப்பதும் அதே யூஜினால்தான். அந்த வாசனை ஞாபகம் இருக்கும். வலி மரத்துப்போகும், சொத்தை அங்கேயே இருக்கும். எண்ணெயைக் குழந்தைகள் விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது கல்லீரலுக்கு நஞ்சு.

விளக்கெண்ணெய்?

வேலை செய்யும், அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. குடித்தவர்களுக்கு நிச்சயமாக இல்லை. எப்படி என்பதைத்தான் 2012-ல் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள். அதிலுள்ள ரிசினோலிக் அமிலம் குடல் தசையில் இருக்கும் இ.பி.3 என்ற ஏற்பியை, அதாவது வேதிச் சைகையைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தை, தூண்டுகிறது. அதே ஏற்பி கருப்பையிலும் இருப்பதால் கர்ப்பிணிகள் தொடக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாக நிற்கவைத்துக் கொடுத்த வழக்கத்துக்கு அவசியமே இல்லை. பூச்சிக்கு இப்போது ஒற்றை அல்பெண்டசோல் மாத்திரை இருக்கிறது.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லிதான் மருந்து என்கிறார்களே?

சென்னையிலேயே நடந்த ஆராய்ச்சி இது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவோடு சேர்ந்து 1988-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஹெபடைட்டிஸ் பி-யைச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத போலிமருந்து கொடுக்கப்பட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. உலகமே திரும்பிப் பார்த்தது. அடுத்தடுத்துப் பல நாடுகளில் செய்துபார்த்தார்கள், அந்த முடிவு திரும்ப வரவில்லை. இன்றுவரை அதை மருந்து என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் சேரவில்லை. முதல் பாதியை மட்டும் எழுதும் விளம்பரங்கள் நிறைய உண்டு.

ஊரில் "காமாலைக்கு மருந்து கொடுக்கும் இடம்" என்று பெயர் வாங்கிய வீடுகள் இருக்கின்றனவே? காரணம் எளிது. அசுத்தமான தண்ணீரால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ-யும் ஈ-யும் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். யார் எதைக் கொடுத்தாலும் பலிக்கும். பித்தக்குழாயில் கல்லோ கட்டியோ அடைத்து வந்த காமாலை, பி வைரஸ், பிறந்த குழந்தையின் காமாலை, கர்ப்பிணிக்கு வரும் ஹெபடைட்டிஸ் ஈ, இவையெல்லாம் அப்படி அல்ல. கண் மஞ்சளானால் முதலில் ரத்தப் பரிசோதனை. எந்தக் காமாலை என்று தெரியாமல் பத்தியம் இருப்பதில் நாள்தான் போகும்.

டெங்குவுக்கு அரசாங்கமே நிலவேம்புக் குடிநீர் கொடுக்கிறதே?

கொடுக்கிறது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சு வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்கு. நிலவேம்பிலுள்ள ஆண்ட்ரோகிராபோலைடுக்கு ஆய்வுக்கூடத்தில் சில நல்ல குணங்கள் தெரிந்திருக்கின்றன, சளிக் காய்ச்சல் தொந்தரவைக் குறைப்பதாகவும் ஆய்வுகள் உண்டு. டெங்குவில் சாவைத் தடுக்கும் என்று நிரூபணம் இல்லை. பப்பாளி இலைச்சாறும் இதே கதை. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் சற்றுச் சீக்கிரம் ஏறியதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, உயிர் பிழைப்பது கூடியதாக அல்ல. டெங்குவில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவது. அது காய்ச்சல் *இறங்கும்* சமயத்தில்தான் வரும். "காய்ச்சல் விட்டுவிட்டது" என்று நிம்மதியாக இருக்கும் அந்த இரண்டு நாளில் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ரத்தக்கசிவு, சோர்ந்து படுப்பது இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. கஷாயம் குடித்தாலும் பரவாயில்லை, அதை நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது.

கைக்குழந்தைக்கு உரைமருந்து கொடுக்கலாமா? எங்கள் வீட்டில் பரம்பரையாகக் கொடுக்கிறோம்.

கொடுக்காதீர்கள். இதில் மட்டும் எனக்கு நடுநிலை கிடையாது.

சுட்ட வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் இவற்றைக் கல்லில் தாய்ப்பால் விட்டு இத்தனை சுற்று என்று உரைத்து நாக்கில் தடவுவார்கள். வசம்பிலுள்ள பீட்டா அசரோன் எலிகளுக்குப் புற்றுக்கட்டி உண்டாக்கியதால் அமெரிக்கா 1968-லேயே உணவில் அதைத் தடை செய்தது. ஜாதிக்காயிலுள்ள மிரிஸ்டிசின் நரம்பு மண்டலத்தைத் தாக்கும். "மருந்து கொடுத்த அன்று பிள்ளை அசந்து தூங்கும்" என்கிறார்களே, அது செரிமானம் நன்றாக நடந்ததால் வந்த தூக்கம்தானா என்று யோசிக்க வேண்டும். நான்கு கிலோ உடம்புக்கு இரண்டு சுற்றுக்கும் ஐந்து சுற்றுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. உரைக்கும் கல்லும் கையும் எவ்வளவு சுத்தம் என்பது இன்னொரு கேள்வி. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம்.

இதோடு சேர்ந்தவை: குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவது (நுரையீரலுக்குப் போய்த் தங்கி நிமோனியா உண்டாக்கும்), வேப்பெண்ணெய் புகட்டுவது. மலேசியாவில் வேப்பெண்ணெய் புகட்டிய குழந்தைகளுக்கு வலிப்பும் மூளைவீக்கமும் வந்தது 1980-களின் தொடக்கத்திலேயே மருத்துவ இதழ்களில் பதிவானது. வசம்பைக் கையில் வளையலாகக் கட்டுவது வாயில் போவதைவிடப் பரவாயில்லை, ஆனால் குழந்தை கையை எங்கே வைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் இதெல்லாம் கொடுத்துத்தானே எல்லாரும் நன்றாக வளர்ந்தார்கள்?

வளர்ந்தவர்கள்தான் இன்று பேசுகிறார்கள். 1951 வாக்கில் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 146 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020-ல் அது 28, தமிழ்நாட்டில் 13. உங்கள் கொள்ளுப்பாட்டிக்கு எத்தனை பிள்ளைகள் பிறந்தன, எத்தனை தங்கின என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

சர்க்கரைக்கு வெந்தயம் ஊறிய தண்ணீர்?

வெந்தயத்தின் நார்ச்சத்து சர்க்கரை உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்துவது உண்மை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் இதை ஆராய்ந்தபோது கொடுத்த அளவு நாளைக்கு 25 கிராம், 100 கிராம் என்று இருந்தது. அதுவும் பொடியாகச் சாப்பாட்டோடு. ஒரு டீஸ்பூனை ஊறவைத்து, விதையை எறிந்துவிட்டுத் தண்ணீரைக் குடித்தால் நார்ச்சத்து குப்பைக்குத்தான் போகும். மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிப்பவர்களின் கதை பெரும்பாலும் கால் புண்ணில் வந்து நிற்கிறது.

இயற்கையானதுதானே, பக்கவிளைவு இருக்காதே?

அதிமதுரத்தைத் தொண்டைக்கு நாள்கணக்கில் மென்றால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவருக்கு இது சிக்கல். விளைவு இருக்கிற எதற்கும் பக்கவிளைவும் இருக்கும். மருத்துவர் "வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா?" என்று கேட்கும்போது கஷாயம், லேகியம் எல்லாம் அதில் சேர்த்திதான்.

சூடு பட்டால் உடனே என்ன தடவலாம்?

ஒன்றும் தடவாதீர்கள். இட்லி மாவு, பற்பசை, பேனா மை, மஞ்சள், காபித்தூள், எதுவும் வேண்டாம். மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸும் வைக்க வேண்டாம், அது திசுவை இன்னும் கெடுக்கும். 20 நிமிடம் என்பது நின்று பார்த்தால்தான் எவ்வளவு நீளம் என்று தெரியும், முக்கால்வாசிப் பேர் இரண்டு நிமிடத்தில் கையை எடுத்துவிடுகிறார்கள். பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடிக்கொண்டு போங்கள். மாவோடு போனால், காயத்தின் ஆழத்தைப் பார்க்க நர்ஸ் முதலில் அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். சூடு பட்டதைவிட அதுதான் அதிகம் வலிக்கும்.